ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?



கால் நடக்க இயலாத ஒரு சகோதரி. வயது 35. ஊனம் 60 சதவீதம். கணவன் விட்டுச் சென்று மூன்றாண்டுகள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். இப்படி ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவருக்கு அரசு என்ன தருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டால், வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஊனமும் 80 சதவீதம் வேண்டும் என்கிறது விதி. மத்திய அரசின் விதவை ஓய்வூதியமோ கணவன் இறந்து, 40 வயதும் நிறைந்தவருக்கே! தமிழக அரசின் கைவிடப்பட்ட பெண்கள் ஓய்வூதியம் கேட்டால், நீதிமன்றத் தாள் காட்டு, இல்லையேல் ஐந்தாண்டு கழித்து வா என்கிறது. ஐந்தாண்டு வரை பிள்ளைகளின் பசி காத்திருக்குமா?

மாநில அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியக் கதவு சற்றே அகலமானது. 2023 ஜனவரியில் அத்தொகை 1,500 ரூபாயாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் தனி ஆளுக்கும் அதே தொகை. இரு பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கும் அதே தொகை!

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீத ஊனத்தையே அளவுகோலாக வைத்தது. அதன் 24ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்களின் பிழைப்புக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் உதவி வேண்டும் என்கிறது. மற்றவர்க்குத் தருவதைவிட 25 சதவீதமாவது கூடுதலாகத் தரவேண்டும் என்றும் சொல்கிறது. மத்திய அரசு 2012இல் விதவைக்கு நிர்ணயித்தது 300 ரூபாய். ஊனமுற்றவருக்கும் அதே 300! சட்டப்படி 375 ஆகவேண்டாமா?

80 சதவீத விதி 40 ஆகட்டும்! பிள்ளைகளுக்கெனத் தனித்தொகை சேரட்டும்! இதுவே நமது கோரிக்கை. இது சலுகையல்ல, உரிமை.

இளைஞர்களே! உங்கள் பகுதியில் இத்தகைய தாய்மார்களைக் கணக்கெடுங்கள். ஊனச் சான்றும் அடையாள அட்டையும் பெற உடன் செல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் வரவேண்டும்.

வணிகர்களே! அலைச்சலுக்கான ஆட்டோ வாடகையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் கைக்கு வரும்வரை அந்தப் பிள்ளைகளின் பள்ளிச் செலவு நம்முடையதாக இருக்கட்டும்!