ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் லயன் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் வயசாளிகள்தாம். 1929-இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் காடு வெட்டிக் கன்று நட்ட நம் மக்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள், இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். கொழுந்து வெட்ட வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் மலையிறங்கியதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. "நீயாச்சும் படிச்சுப் பொழைச்சுக்கோ" என்று அனுப்பி வைத்ததே கூடை சுமந்த தாய்தானே? நாம் பேச வந்தது வீட்டைப் பற்றி.

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. முன்பெல்லாம் தகப்பன் வேலையை விட்டால் மகன் பேர் பதிவான், மருமகள் கூடை எடுப்பாள், வீடு குடும்பத்திலேயே நிற்கும். அந்த ஏற்பாடு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பிள்ளை தோட்டத்தில் இல்லையென்றால் கிழவனும் கிழவியும் என்றைக்காவது சாவியைக் கொடுக்க வேண்டியவர்களே. சில இடங்களில் கொஞ்ச காலம் கண்டும் காணாமல் விடுவார்கள். அது தயவுதான், உரிமை ஆகாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சேமநிதிப் பணம் முழுவதையும் 55 வயதில் எடுக்கலாம். ஆனால் 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. பணம் முந்தி வருகிறது, வீடு பிந்திப் போகிறது. இந்த ஐந்து வருஷத்தில்தான் பல குடும்பங்கள் கவிழ்கின்றன. வேலை இருக்கிறது, கூரை இருக்கிறது, கையில் கொத்தாகப் பணம். மூத்தவனுக்குக் காருக்கு முன்பணம், மகள் கல்யாணம், இளையவன் கடை போட வேண்டுமாம், அதற்கும் கொஞ்சம். அப்பன் வாயைத் திறந்து 'இல்லை' என்பானா? அறுபதில் சாவியைக் கொடுக்கும்போது கையில் சில்லறைதான் மிச்சம்.

55 ஆனால் எடுத்தே தீரவேண்டும் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அப்படிச் சட்டம் ஏதும் கிடையாது. எடுக்காத பணத்துக்கு இலாப ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும். வேண்டியபோது ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம், மாதாமாதம் வருகிறமாதிரியும் செய்துகொள்ளலாம். 55-க்குப் பிறகு கட்டும் சந்தா தனியாகச் சேர்ந்து 60-இல் கைக்கு வரும். வீடு வாங்குவதற்கென்றால் 55-க்கு முன்பே ஒரு பகுதியை எடுக்கவும் வழி உண்டு.

மலையிலேயே வீடு வாங்குவது லேசான காரியமல்ல. ஓட்டல்களும் காய்கறித் தோட்டங்களும் நிலத்துக்குப் போட்டி போடுகிற இடம் இது. ஆகவே பலருக்கும் தாப்பா, ஈப்போ பக்கம்தான் கதி. நாற்பது வருஷம் குளிரில் கிடந்த உடம்பு, மகன் வீட்டு மூன்றாம் மாடியில் வேகும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பூட்டிய கதவுக்குள் பகல் முழுக்க யாரோடு பேசுவது? "அங்க போயி யாரு மொகத்தப் பாக்குறது?" என்று கிழவி கேட்பதை வீம்பு என்று தள்ளிவிடாதீர்கள். அவள் பழகிய கோயிலும் அக்கம்பக்கமும் இங்கேதான் இருக்கின்றன.

இளைஞர்களே, அப்பாவின் சேமநிதியில் கண் வைக்காதீர்கள். அவராகக் கொடுத்தாலும் "வீட்டு விஷயம் முடியட்டும்ப்பா" என்று சொல்லுங்கள். பெற்றோரும் 'அவன் பார்த்துக்குவான்' என்று மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன?

வரும் தீபாவளிக்குச் சிம்பாங் பூலாய் வழியாகப் பிள்ளைகளின் கார்கள் ஏறி வரும். இரண்டு நாளில் திரும்பியும் விடும். காய்கறி மூட்டையை ஏற்றுவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்: அப்பாவுக்கு எந்த மாசம் அறுபது? அதற்கு அடுத்த மாசம் அவரும் அம்மாவும் எங்கே படுப்பார்கள்?