வீட்டுக் கணினியின் கதவைத் திறந்தது நான்தான்

"தெரியாத லிங்க்கைத் தட்டாதீங்கம்மா" என்று வீட்டில் அடிக்கடி அறிவுரை சொல்பவன் நான். ஆனால் எங்கள் வீட்டுக் கணினிக்குள் தீங்குநிரலைக் கொண்டு வந்தது அம்மா அல்ல.

ஆறாம் படிவத்தில் படித்தபோது ஒரு குழுப்பணிக்காகக் காணொளி தொகுக்க வேண்டியிருந்தது. கட்டண மென்பொருள் ஒன்றின் 'கிராக்' பதிப்பைத் தேடிப் பதிவிறக்கினேன். நிறுவுவதற்கு முன் நச்சுநிரல் தடுப்பானை நிறுத்திவிட வேண்டும் என்று அதோடு ஒரு குறிப்பு. வரப்போகும் திருடனே, நாயைக் கட்டிப்போடு என்று சொல்லி அனுப்பியதுபோல! நானும் கட்டிப்போட்டேன். இரண்டே நாளில் என் மின்னஞ்சல் கணக்கு என் கையைவிட்டுப் போனது. கணினியைக் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. அம்மாவின் தீபாவளித் தையல் ஆர்டர்களும் அளவுகளும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. அம்மா ஒவ்வொரு வாடிக்கையாளராக அழைத்து மீண்டும் அளவு கேட்டார். "இவன் விளையாடுற கேம்தான் காரணம்" என்று அப்பா தம்பியைத் திட்டினார். நான் வாய் திறக்கவில்லை.

பெரியவர்களுக்குக் கணினி தெரியாது, அதனால்தான் ஆபத்து என்கிறோம். எனக்கென்னவோ, அரைகுறையாகத் தெரிந்த நம்மால்தான் ஆபத்து அதிகம் என்று தோன்றுகிறது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, ஜிம்ப், லிப்ரே ஆபிஸ் ஆகியவை இருக்கும்போது, மாணவர்களுக்குக் 'கிராக்' எதற்கு?

அண்மைக் காலத்தில் பரவும் இன்னொரு தந்திரமும் நம்மைப் போன்றவர்களுக்கே பொருந்தும். "நான் ரோபோ அல்ல" என்று நிரூபிக்கச் சொல்லும் பக்கம், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தச் சொல்லும், பிறகு கன்ட்ரோல், வி, கடைசியில் என்டர். அந்தப் பக்கம் ஏற்கெனவே சத்தமில்லாமல் நகலெடுத்து வைத்திருக்கும் கட்டளையை நம் கையாலேயே இயக்க வைக்கும் வேலை இது. உண்மையான சரிபார்ப்பு எதுவும் இப்படிக் கேட்காது. விசைப்பலகையில் விரல் வேகமாக ஓடுபவர்தான் இதில் சிக்குவார்.

புதுப்பிப்பு அறிவிப்பு வந்தால் "பிறகு" என்று தள்ளுவதும் நம் பழக்கம்தான். 2017 மே 12ஆம் தேதி வன்னாகிரை உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே நிர்வாகிக் கணக்கைத்தான் பயன்படுத்தினோம். இப்போது ஆளுக்கொரு சாதாரணக் கணக்கு. கணினி முழுவதையும் மாற்றக்கூடிய எதையாவது நிறுவ முயன்றால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். இது எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஒருவர் தம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் அப்போதும் திருடுபோகலாம். ஆனால் கேள்வி வரும்போது கை ஒரு கணம் நிற்கிறது. அம்மாவின் கோப்புகளை வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் நகலெடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

தம்பிக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்த அன்றுதான் அவனிடமும் அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன். நிர்வாகிக் கடவுச்சொல் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. எதையாவது நிறுவ வேண்டுமென்றால் நான் அவரைத்தான் கேட்க வேண்டும்.