பாட்டெழுதியவர் பெயர் எங்கே?

எம்பி3 கோப்புக்குள் பாட்டோடு அதைப் பற்றிய விவரங்களும் இருக்கும். 1996-ல் வந்த ஐடி3 முறையில் இதற்கு மொத்தமே 128 பைட்தான். பாடல், கலைஞர், ஆல்பம் பெயர்களுக்குத் தலா 30 பைட். பாடலாசிரியருக்கு இடமே இல்லை!

1998-ல் வந்த இரண்டாம் பதிப்பில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் கிடைத்துவிட்டது. ஆண்ட்ராய்டில் 'மீடியா மெட்டாடேட்டா ரிட்ரீவர்' மூலம் கம்போசர், ஆதர், ரைட்டர் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். சில வரி நிரல்தான்.

ஆனாலும் ஆப் எழுதுகிற பலர் டைட்டில், ஆர்டிஸ்ட் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பாடகர் பெயரிலேயே ஆல்பம் வரும் ஆங்கிலப் பாட்டுக்கு அது போதும். தமிழ் சினிமாப் பாட்டோ இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் என்று பலரின் உழைப்பு. கோப்பில் பெயர் காலியாக இருந்தால் விட்டுவிடலாம். இருந்தும் காட்டாமல் விடுவது சோம்பேறித்தனம் இல்லாமல் வேறென்ன?