கேட் உங்களுடையது; பிளாட்பாரம் யாருடையது?

சென்னையில் பிளாட்பாரத்தில் நடப்பது சர்க்கஸ் வித்தை மாதிரி ஆகிவிட்டது. பத்தடி நடக்கலாம். அப்புறம் ஒரு சரிவு. சிமென்டை வழவழவென்று பூசி, கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் இறக்கியிருப்பார்கள். யாரோ ஒரு புண்ணியவான் தன் கார் வீட்டுக்குள் ஏறுவதற்காகப் போட்டது. மழை பெய்தால் அதில் கால் நிற்காது. அதைத் தாண்டினால் இரண்டு பூந்தொட்டி, ஒரு மணல் மூட்டை. அதற்கு அடுத்த கேட்டில் இன்னொரு சரிவு, இது முந்தினதைவிட அரையடி உயரம்.

வயசானவர் என்ன செய்வார்? பேசாமல் ரோட்டில் இறங்கி விடுகிறார். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும் அம்மாவும் இறங்குகிறார். பார்வை இல்லாதவர் கம்பைத் தட்டித் தட்டிப் பார்த்து இறங்குகிறார். பின்னால் பஸ் வருகிறது, ஷேர் ஆட்டோ வருகிறது, தண்ணி லாரி வருகிறது.

விபத்துச் செய்தி எடுக்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "சாலையில் நடந்து சென்றவர் மீது வாகனம் மோதியது" என்று இருக்கும். டிரைவர் மீது வழக்கு. சரி. ஆனால் அந்த மனுஷன் எதற்காக சாலையில் நடந்தார்? பிளாட்பாரத்தில் போக முடியாமல் செய்தது யார்? அதை எழுதுகிற வழக்கம் இல்லை. சரிவு போட்டவருக்குக் கோர்ட்டும் கிடையாது, சம்மனும் கிடையாது.

வீடு கட்டினவர் காரைத் தலையில் தூக்கிக்கொண்டா உள்ளே போக முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடைக்காரருக்குச் சரக்கு இறங்க வேண்டும். குட்டி யானை வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். ரோட்டுக்கு வழி இருப்பது சொத்துக்காரரின் உரிமை. அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. சரிவை எங்கே போடுவது என்பதுதான் வழக்கு. கேட்டுக்கு உள்ளே போட்டால் உங்கள் இடம். கேட்டுக்கு வெளியே போட்டால் ஊர் இடம்.

இதற்கு ஒழுங்கான முறை எப்போதோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட நடைபாதை விதிகளில், பிளாட்பாரத்தின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடக்க 1.8 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. வீட்டு வாசல் வந்தாலும் பிளாட்பாரம் அதே மட்டத்தில் ஓட வேண்டும். ரோட்டு ஓரத்தில் மட்டும் கார் ஏற ஒரு சின்னச் சரிவு. அதில் கார் மெதுவாக ஏறும், பிளாட்பாரத்தைக் குறுக்கே கடக்கும், உள்ளே போகும். ஏறுவதற்காகவே டிரைவர் வேகத்தைக் குறைப்பார். நடப்பவர் நேராக நடந்துகொண்டே இருப்பார்.

நம் ஊரில் தலைகீழ். கார் நேராகப் போகும். மனுஷன் ஏறி இறங்குவான்.

இதில் பழியை முழுக்க வீட்டுக்காரர் தலையில் கட்டவும் முடியாது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல், மேலேயே தாரைக் கொட்டிக்கொண்டு போனது யார்? ஒவ்வொரு தடவையும் ரோடு சில அங்குலம் உயர்ந்தது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்றைக்கு இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணி ஹாலுக்குள் வருகிறது. அவரும் பயந்துபோய் வாசலை உயர்த்தி, அதற்கு ஒரு சரிவு போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட உயர்த்துகிறார். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதம் உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. அதை ஒவ்வொரு தெருவிலும் கான்டிராக்டர் கடைப்பிடிக்கிறாரா என்று நின்று பார்க்க வேண்டியது மாநகராட்சி இன்ஜினீயர்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. ரோட்டுத் தண்ணி மழைநீர் வடிகாலுக்குள் போக ஓரத்தில் ஓட்டை விட்டிருப்பார்கள். சரிவைப் போடும் கொத்தனார் அதையும் சேர்த்துப் பூசி விடுகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. தெருவில் முழங்கால் தண்ணி நிற்கும்போது மாநகராட்சியைத் திட்டுகிறோம். வாசல் சரிவுக்கு அடியில் ஓட்டை அடைபட்டுக் கிடப்பது ஞாபகத்துக்கு வருவதில்லை.

கல்யாண மண்டபம், பெரிய ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அடுக்குமாடி வீடு இவற்றின் வாசலில் நடப்பது தனிக் கதை. வாட்ச்மேன் விசிலை ஊதிக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் வந்து கையை நீட்டுவார். பஸ்சில் ஐம்பது பேர் நிற்பார்கள். உள்ளேயிருந்து ஒரே ஒரு கார் ரிவர்சில் வரும். வாட்ச்மேனுக்கு டிராபிக்கை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது யார்? 2017-ம் வருஷத்து மோட்டார் வாகன ஓட்டுநர் விதிகளின்படி, ஒரு கட்டடத்தின் வாசலிலிருந்து ரோட்டுக்கு வருகிறவர்தான் நின்று, ரோட்டில் போகிறவருக்கு வழிவிட வேண்டும். விசில் ஊதுவதால் சட்டம் மாறிவிடாது. பாவம், வாட்ச்மேனைச் சொல்லிக் குற்றமில்லை. ஊதாவிட்டால் அவருக்கு வேலை போகும். வண்டி திரும்ப உள்ளே இடம் விடாமல் அந்த இடத்திலும் கட்டடம் கட்டினவரைக் கேட்க வேண்டும்.

வாசலை மறித்து அடுத்தவர் வண்டி நிறுத்துவதும் தப்புதான். விதியில் அதற்கும் தடை இருக்கிறது. போலீசில் சொல்லலாம். அதற்காகத் தானே ஒரு 'நோ பார்க்கிங்' போர்டு எழுதி, மணல் மூட்டை அடுக்கி, பொது ரோட்டைத் தன் வீட்டுத் திண்ணை மாதிரி ஆக்கிக்கொள்வதா? இப்படி அனுமதி இல்லாமல் வைத்த போர்டுகளை எடுக்க வேண்டும் என்று 2024-ல் ஐகோர்ட்டு வரைக்கும் விவகாரம் போனது. டிராபிக் போலீசும் எச்சரித்தார்கள். போர்டு ஒரு வாரம் வீட்டுக்குள் போகும். எட்டாம் நாள் திரும்பவும் வாசலுக்கு வந்துவிடும்.

சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. தெருவை ஆக்கிரமித்துக் கட்டியதை அகற்றும் அதிகாரம் 1919-ம் வருஷத்து சென்னை மாநகராட்சிச் சட்டத்திலேயே இருந்தது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று 2014-ல் மாநகராட்சி தனிக் கொள்கையே வகுத்தது. தடையில்லாத நடைபாதை உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இத்தனையும் இருந்தும், மாநகராட்சி ஆட்கள் கடப்பாறையோடு வந்தால் முதலில் உடைவது இட்லிக் கடை ஆயாவின் அடுப்பு மேடைதான். பெரிய பங்களாவின் கிரானைட் சரிவு பத்திரமாக இருக்கிறது.

மாநகராட்சி செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே கேட் எங்கே, சரிவு எங்கே, எத்தனை அகலம் என்று கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். பழைய வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்து அவகாசம் தரலாம். ரோடு உயர்ந்ததால் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட வீடுகளுக்கு, பிளாட்பாரம் போடும் கான்டிராக்டரே மட்டம் பார்த்து வழி அமைத்துத் தர வேண்டும். உடைப்பதாக இருந்தால் தெருக் கோடியிலிருந்து வரிசையாக உடைக்கட்டும், ஆள் பார்த்து வேண்டாம்.

உங்கள் தெருவில் ரோட்டை மறிக்கும் சரிவு இருந்தால் 1913 என்ற எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் சொல்லலாம். புகார் நம்பரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுப்பதற்கு முன்னால் உங்கள் கடை வாசலையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள். எதிர்க் கடைக்காரரிடமும் போன் இருக்கிறது.