இல்லை என்று எழுதும் நோட்டு

முன்னாள் படைவீரர்களின் மருத்துவத் திட்டத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் போய் நிற்கிறது. எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது, எது விலகிக்கொண்டது, பில் பாக்கி எவ்வளவு, இதய ஆபரேஷனுக்கு அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும் என்பதே பேச்சு. இவை முக்கியம்தான். ஆனால் ஓய்வுபெற்ற ஒரு சிப்பாய் ஆபரேஷனுக்கு வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோ போவார். மருந்து ஜன்னலுக்கு மாதா மாதம் போவார். அவர் போக முடியாத வயதில் மனைவி போவார். அந்த ஜன்னலுக்குப் பின்னால் மேற்பார்வை எப்படி நடக்கிறது, எப்படி நடக்க வேண்டும் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மருந்து படித்தவன் அல்ல, ராணுவத்தில் இருந்தவனும் அல்ல. அரசாங்க குமாஸ்தா. சர்வீஸில் பாதிக்கு மேல் ஸ்டோர் கணக்கு எழுதியவன். எங்கள் தெருவில் இருக்கும் பழைய ராணுவத்தார் சிலர் விண்ணப்பம், நினைவூட்டல் கடிதம், பில் பட்டியல் என்று எதையாவது எழுத என்னிடம் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதையும், இருப்புப் பதிவேடு பற்றி எனக்குத் தெரிந்ததையும் வைத்து ஒரு கருத்துச் சொல்கிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன்னால் ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு ராணுவ மருத்துவமனையை விட்டால் பெரிதாக வழி கிடையாது. அங்கேயும் பணியில் இருப்பவர்களுக்குப் பிறகுதான் இவர்கள். புதிய திட்டத்தில் ஓய்வுபெறும்போது ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும். கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர் எல்லோருக்கும் ஆயுள் முழுக்க மருத்துவம். இன்று நாடு முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள், ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளிகள். திட்டம் நல்ல திட்டம். அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

பாலிகிளினிக்கில் டாக்டர் சீட்டு எழுதுகிறார். சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தைராய்டுக்கு என்று ஐந்தாறு மருந்து. ஜன்னலில் நான்கு மருந்து கிடைக்கிறது. ஐந்தாவதன் எதிரில் ‘என்.ஏ.’ என்று இரண்டு எழுத்து. ‘நாட் அவைலபிள்’, அதாவது இல்லை. “இது சப்ளை இல்லை சார், அடுத்த வாரம் வந்து பாருங்க” என்று பதில் வருகிறது. சொல்பவர் மேல் தப்பு இல்லை, அவர் கையில் மருந்து இல்லை. இப்படி இல்லாத மருந்தை ஏற்பாடு செய்துகொண்ட உள்ளூர் மருந்துக் கடையிலிருந்து வரவழைத்துத் தர விதி இருக்கிறது. நோயாளியே வெளியில் வாங்கி, பில்லைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. 2015இல் மத்திய கணக்குத் தணிக்கை அறிக்கை இந்தத் திட்டத்தை ஆராய்ந்தபோது மருந்துத் தட்டுப்பாட்டையும் ஒரு குறையாகக் குறித்தது. ஆகவே இது ஒரு தெருவின் புலம்பல் அல்ல.

இங்கேதான் குமாஸ்தாவின் கண் வேண்டும். இருப்புப் பதிவேட்டின் கணக்கு எல்லா ஆபீஸிலும் ஒன்றுதான். ஆரம்ப இருப்பு, அதோடு வரவு, அதில் வழங்கியது கழித்தால் கையிருப்பு. ஆய்வுக்கு வரும் அதிகாரி அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்ப்பார். பதிவேட்டில் 240 என்றால் அலமாரியில் 240 இருக்க வேண்டும். இருந்தால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்து. இப்போது யோசித்துப் பாருங்கள். பதிவேட்டில் பூஜ்யம், அலமாரியிலும் பூஜ்யம். அதுவும் சரிதான்! அதற்கும் அதே கையெழுத்து விழும். காலி அலமாரியைப் போல ஒழுங்காகக் கணக்கு ஒத்துப்போகும் அலமாரி வேறு கிடையாது. திருட்டைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட கணக்கு முறை இது. அந்த வேலையை நன்றாகச் செய்யும். நோயாளிக்கு மருந்து போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியை அது கேட்காது.

வெறுங்கையோடு திரும்பிப் போனவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் வீட்டில் என்ன நடக்கிறது? பென்ஷனில் வாங்க முடிந்தவர் கடையில் வாங்குகிறார். முதலில் கைப்பணம் போடவேண்டும், பிறகு பில்லோடு அலைய வேண்டும். இருநூறு ரூபாய்க்காக இரண்டு பஸ் மாற வேண்டியவர் பில்லைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். வாங்க முடியாதவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறார். சிலர் நிறுத்தியே விடுகிறார்கள். வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரும். ரத்த அழுத்த மாத்திரை நின்றால் பக்கவாதத்துக்கு வழி. அப்போது அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார், பில் லட்சத்தில் வரும், அதையும் அரசாங்கமே கட்டும். அட்டை மாத்திரையில் மிச்சம் பிடித்தது அங்கே பல மடங்காகச் செலவாகிறது.

ஆகையால் மருந்தகத்தை மேற்பார்வை செய்பவர் தினமும் முதலில் புரட்ட வேண்டியது இருப்புப் பதிவேட்டை அல்ல, ‘இல்லை’ நோட்டை என்பது என் கட்சி. தேதி, நோயாளியின் பெயர், அட்டை எண், கிடைக்காத மருந்து, எத்தனை மாத்திரை, கடைசியில் எந்தத் தேதியில் கிடைத்தது. ஆறு பத்திதான். கடைசிப் பத்தி காலியாக இருக்கும் ஒவ்வொரு வரியும் அவர் பதில் சொல்ல வேண்டிய வரி. மாதக் கடைசியில் அந்த வரிகளை எண்ணி மேலே அனுப்ப வேண்டும். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்ற எண்ணிக்கையோடு எத்தனை பேருக்குக் கொடுக்கவில்லை என்பதும் போனால்தான் மேலே இருப்பவருக்குத் தூக்கம் கெடும்.

அந்த நோட்டு இன்னொன்றும் செய்யும். தேவைப் பட்டியல் போடச் சரியான ஆதாரம் அதுதான். வழங்கிய மருந்தை மட்டும் பார்த்துத் தேவையைக் கணக்கிட்டால் பற்றாக்குறை தானே வளரும். ஒரு பேச்சுக்கு, 300 பேர் தினம் இரண்டு சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் மாதம் 18,000 வேண்டும். கையில் 10,000தான் இருந்தது, அதை வழங்கினோம். பதிவேடு ‘மாதச் செலவு 10,000’ என்று சொல்கிறது. அடுத்த இண்டென்ட் 10,000க்குப் போகிறது. இல்லாமல் போன 8,000 கணக்கிலிருந்தே மறைந்துவிட்டது. அதோடு இண்டென்ட் போன நாளிலிருந்து மருந்து வந்து சேரும் நாள்வரை மூன்று மாதம் ஆகும் என்றால், கையிருப்பு 54,000 ஆகக் குறையும்போதே அடுத்த இண்டென்ட் போயிருக்க வேண்டும். தீர்ந்தபின் எழுதுவது மேற்பார்வை அல்ல, இரங்கல் கடிதம்.

மேற்பார்வையில் இன்னொரு வேலை உண்டு. அது எந்த நோட்டிலும் வராது. ஒவ்வொரு சப்ளைக்கும் கம்பெனி மாறுகிறது. போன மாதம் வெள்ளை மாத்திரை, இந்த மாதம் அதே மருந்து மஞ்சளாக, வேறு பெயரில், வேறு அட்டையில். எண்பது வயதுக்காரருக்கு மாத்திரையின் பெயர் தெரியாது, நிறம்தான் தெரியும். வீட்டில் மிச்சமிருக்கும் வெள்ளையையும் சாப்பிடுவார், புது மஞ்சளையும் சாப்பிடுவார். அல்லது இது நம் மாத்திரை இல்லை என்று மஞ்சளை ஒதுக்கிவிடுவார். “ஐயா, பழைய வெள்ளைதான் இது, நிறம் மட்டும் மாறியிருக்கு, பழசு தீர்ந்தபிறகு இதைப் பிரியுங்க” என்று சொல்ல அரை நிமிஷம் போதும். டோக்கன் கூட்டத்தில் அந்த அரை நிமிஷத்தை உண்டாக்கித் தருவது மேற்பார்வையாளரின் பொறுப்பு. எந்த நாளில் கூட்டம் அதிகம், எப்போது இரண்டாவது ஆளை ஜன்னலில் உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பார்க்க வேண்டியது.

இதையெல்லாம் யார் செய்வது? இங்கே ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். நாங்கள் பிரெஞ்சில் படித்த காலத்தில் பார்மான்தியே என்றால் உருளைக்கிழங்கு. பிரான்ஸ் மக்களை உருளைக்கிழங்கு சாப்பிட வைத்தவர் என்ற அளவில்தான் அவரைத் தெரியும். அவருடைய தொழில் மருந்து தயாரிப்பது என்பதைப் பின்னால்தான் படித்தேன். பாரிசில் பதினான்காம் லூயி போரில் ஊனமுற்ற, வயதான சிப்பாய்களுக்காகக் கட்டிய அன்வலீத் மாளிகையில், 1766இல் போட்டித் தேர்வில் வென்று மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1772இல் அவரைத் தலைமை மருந்தாளுநர் ஆக்கினார்கள். ஆனால் அந்த மருந்தகத்தை நெடுங்காலமாகக் கன்னியாஸ்திரீகள் நடத்தி வந்தார்கள். தங்களுக்கு மேலே ஒருவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. வழக்கு ராஜாவரைக்கும் போயிற்று. முடிவில் அவருக்குச் சம்பளமும் தங்கும் இடமும் தொடர்ந்தன, மருந்தகப் பொறுப்பு மட்டும் போயிற்று. ஓய்ந்த நேரத்தில் கிழங்கு, ரொட்டி என்று ஆராய்ச்சி செய்தார், உலகத்துக்கு லாபம். அன்வலீத்தின் கிழட்டுச் சிப்பாய்களுக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. அந்தச் சகோதரிகள் சேவை மனம் கொண்டவர்கள்தான். ஆனால் மருந்து அறிந்தவரிடம் பொறுப்பு இருக்க வேண்டும் என்ற கேள்வி இருநூற்றைம்பது வருஷமாகத் தீராமல் இருக்கிறது.

பார்மான்தியேவுக்குச் சம்பளம் இருந்தது, சாவி இல்லை. நம் பாலிகிளினிக் மருந்தாளுநரிடம் சாவி இருக்கிறது, சொல்லுக்கு மதிப்பு இல்லை. அவர் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டும். பொறுப்பு அதிகாரி ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, அவரும் ஒப்பந்தத்தில் இருப்பவர்தான். 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்குத்தான் உரிமை. ஆனால் “இந்த இண்டென்ட் போதாது”, “இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது சரியா” என்று அவர் எழுத்தில் கேட்டால் அடுத்த புதுப்பித்தல் என்னாகும் என்ற பயம் இருக்கத்தானே செய்யும்?

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. அங்கே படைவீரர்களுக்காக அரசாங்கமே நடத்தும் மருத்துவ அமைப்பு மிகப் பெரியது. வெளிநோயாளிகளின் மருந்துச் சீட்டுகளில் சுமார் 80 சதவீதத்தை ஏழு மையங்களிலிருந்து தபாலிலேயே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பார்வையற்றவர்களுக்காகப் பேசும் லேபிள்கூட உண்டு. அப்படிப்பட்ட அமைப்பில், விஸ்கான்சின் மாநிலத்தின் டோமா என்ற ஊர் மருத்துவமனையில், வலி மருந்துகள் அளவு மீறி எழுதப்பட்டன. அங்கே சிகிச்சையில் இருந்த ஒரு முன்னாள் வீரர் 2014இல் பல மருந்துகள் சேர்ந்த நச்சுத்தன்மையால் இறந்தார். 2015இல் விஷயம் வெளியே வந்தபோது, அந்த இடத்துக்கு ‘மிட்டாய் நாடு’ என்று நோயாளிகளே பெயர் வைத்திருந்தது தெரிந்தது. சீட்டுகளைக் கேள்வி கேட்ட மருந்தாளுநர் ஒருவர் அதற்கு முன்பே வேலையை இழந்திருந்தார். இங்கே மருந்து இல்லாமல் துன்பம், அங்கே மருந்து மிஞ்சித் துன்பம். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் வாய் திறக்க முடியாத நிலை மட்டும் இரண்டுக்கும் பொது.

பணம் இல்லை, அதனால்தான் மருந்து இல்லை, மேற்பார்வை என்ன செய்யும் என்று சிலர் கேட்பார்கள். பணத் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் எவ்வளவு பணம் குறைகிறது என்று எதை வைத்துக் கேட்பது? இல்லாமல் போனதை எழுதி வைக்காதவர் கேட்கும்போது அது குறை கூறுவதாகத்தான் தெரியும். பெயரும் தேதியும் எண்ணிக்கையுமாகக் கேட்டால் நிதிப் பிரிவு பதில் எழுதியாக வேண்டும். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கண்டது அதுதான். இன்னும் சிலர், எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்பார்கள். கம்ப்யூட்டரும் வழங்கியதை மட்டும் பதிந்தால் பழைய பதிவேடுதான் அது.

ஆக நான் கேட்பது மூன்று. ஒவ்வொரு பாலிகிளினிக்கிலும் ‘இல்லை’ நோட்டு, அதன் மாத எண்ணிக்கை ஜன்னலுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி. மருந்தகத்துக்குப் பொறுப்பாக ஒரு மூத்த மருந்தாளுநர், அவர் எழுதும் குறிப்புக்கு இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் என்ற விதி. அந்தக் குறிப்பை எழுதியதற்காக ஒப்பந்தம் போகாது என்ற உறுதி.

இதைப் படிக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மருந்து இல்லை என்று சொன்னால் சண்டை போடாதீர்கள், ஜன்னலில் இருப்பவர் உங்கள் எதிரி அல்ல. ‘இல்லை’ என்பதைச் சீட்டில் தேதியோடு எழுதி வாங்குங்கள். கடையில் வாங்கினால் பில்லைத் தூக்கிப் போடாமல் அதோடு சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் சேர்ந்ததும் என்னைப் போல எழுதத் தெரிந்த யாரிடமாவது கொண்டு கொடுங்கள். மற்றதை அந்தக் காகிதங்கள் பார்த்துக்கொள்ளும்.