நாவல் நஞ்சென்றால் நூலகம் எதற்கு?

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகள் பலவற்றில் நூலகம் இருக்கிறது, வாசிப்பு இல்லை. ஆய்வு அதிகாரி வரும் நாளில் அலமாரிகள் துடைக்கப்படுகின்றன. அவர் சென்றதும் சாவி மீண்டும் மேசைக்குள் புகுந்துகொள்கிறது. கால அட்டவணையில் காணப்படும் நூலகப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் பங்கிட்டுக்கொள்கின்றன. நூல் இருப்பது பயன்படுத்தப்படுவதற்கே என்பதைச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தார். நாமோ நூல் கிழியாதிருப்பதையே நூலகத்தின் வெற்றியாகக் கருதுகிறோம்.

ஓதுமாறு பணித்துத் தொடங்கிய இறைமறைக்கு உரியோர் நாம். பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள் மதீனாச் சிறுவர்களுக்குக் கற்பித்தால் அதுவே விடுதலைக்கான ஈடு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். அந்தப் பெருமைக்கும் பூட்டிய அலமாரிக்கும் என்ன உறவு?

"பாடநூல் படிக்கட்டும், மார்க்க நூல் படிக்கட்டும், நாவல் மட்டும் வேண்டாம். அது பொய், பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் கெடுக்கும்" என்பது நம்மவர் சிலரின் வாதம். யூசுஃப் அத்தியாயத்தை அவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். உடன்பிறந்தோரின் பொறாமை, கிணற்றில் போடப்பட்ட சிறுவர், ஆசைவயப்பட்ட பெண்ணின் சூழ்ச்சி, செய்யாத குற்றத்திற்குச் சிறை என எதையும் இறைமறை மறைக்கவில்லை. அது உண்மை வரலாறு, நாவலோ கற்பனை. இரண்டையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆயினும் தீமையை எடுத்துச் சொல்வது வேறு, தீமையைக் கற்பிப்பது வேறு என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமா? கற்பனை என்று வெளிப்படையாக அறிவித்துச் சொல்லப்படும் கதை எவரையும் ஏமாற்றுவதும் இல்லை.

நாவல் நமக்கு அந்நியமும் அன்று. கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை 1885-இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா? கடமையா?' நாவலைத் தந்தார், உ.வே. சாமிநாதையர் அதற்கு அணிந்துரை வழங்கினார். அன்று நாவல் எழுதிய பெண்ணைப் பெற்ற சமுதாயம், இன்று நாவல் படிக்கும் பெண்ணைக் கண்டு அஞ்சலாமா? இன்னொரு விந்தையும் உண்டு. நூலைப் பிடுங்கி வைக்கும் கைதான் கைபேசியை எடுத்துக் கொடுக்கிறது. அதில் நள்ளிரவு வரை ஓடும் காட்சிகளைத் தெரிந்தெடுப்பவர் யார்?

எல்லா நாவலும் எல்லா வயதினருக்கும் உகந்தது அன்று என்பது உண்மையே. அதற்குத் தீர்வு தெரிந்தெடுப்பதே அன்றிப் பூட்டுவது அன்று. தெரிந்தெடுக்க வேண்டுமெனில் ஆசிரியர் முதலில் படித்திருக்க வேண்டும். தொடங்குவதற்குச் சிலவற்றை நாமே முன்வைக்கிறோம்.

எட்டு, ஒன்பதாம் வகுப்பினருக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா' என்னும் சிறு நூல். கேள்வி கேட்கும் மாணவியைப் பிரம்பால் அடக்கும் வகுப்பறை எதை இழக்கிறது என்பதை அது சொல்கிறது. ஆசிரியர்களும் அதைப் படிக்கட்டும். அடுத்து, வைக்கம் முகம்மது பஷீரின் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது'. குடும்பத்தின் பழம்பெருமையில் அடைபட்டு எழுத்தறியாது வளர்ந்த குஞ்ஞுபாத்தும்மா, அடுத்த வீட்டுப் பெண்ணிடம் எழுத்துக் கற்கும் கதை அது.

பத்தாம் வகுப்பினருக்குத் தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. ஊர் முதலாளியின் ஆதிக்கமும், மார்க்கத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்றும், ஆங்கிலப் பள்ளிக்கு எழும் எதிர்ப்பும் அதில் உள்ளன. அது தொடராக வெளிவந்தது நம் 'முஸ்லிம் முரசு' இதழில்தான். மேல்நிலை மாணவருக்கு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. நிஜாம் ஆட்சியின் இறுதி நாள்களில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்கும் காட்சிகள், இன்றைய பிள்ளைகள் அறியவேண்டியவை. ஆசிரியரோடு கலந்துரையாடிப் படிக்கத் தக்கது அது.

பள்ளி நிர்வாகிகளிடமும் ஜமாஅத் பொறுப்பாளர்களிடமும் நாம் கேட்பவை மூன்றே. நூலகப் பாடவேளையை எந்தப் பாடமும் தொடக்கூடாது. நூலை வீட்டுக்குக் கொண்டுசெல்ல மாணவருக்கு உரிமை வேண்டும், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஆண்டு விழாவின் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கேனும் புதிய நூல்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்படும் பெண்பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் பலருக்குப் பள்ளி நூலகமே வாழ்வில் கிட்டும் ஒரே நூலகம். அதன் சாவியை மேசைக்குள் வைத்திருப்போர், அந்தப் பிள்ளைகளின் அமானிதத்தையே அங்குப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அமானிதம் குறித்து நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை.