வாஞ்சூருக்கு அப்பால் செல்லும் பொதிகள்

ஜிஎஸ்டி மன்றம் தனது 56ஆவது கூட்டத்தில் எடுத்த முடிவுகள் 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில், இணையக் கடைகள் விலைப்பட்டியலைத் திருத்தினால் மட்டும் போதாது. அனுப்புக் கட்டணப் பட்டியலையும் திருத்தியாக வேண்டும். விற்பவரே வசூலிக்கும் அனுப்புக் கட்டணம் கூட்டு வழங்கலின், அதாவது முதன்மைப் பொருளோடு இயல்பாகப் பிணைந்து வரும் விற்பனையின், ஒரு பகுதியாகக் கருதப்பட்டு அந்தப் பொருளின் வரிவிகிதத்தையே ஏற்பதால், 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிய ஊறுகாயோடு அதன் அனுப்புக் கட்டணமும் இறங்கியுள்ளது. புத்தகத்துக்கு வரியில்லை என்பதால் அதன் அனுப்புக் கட்டணத்துக்கும் வரியில்லை. இரண்டையும் ஒரே ஆர்டரில் வாங்குபவரிடம் மொத்தமாக ஒரு தொகையை வசூலிக்கும் கடை, அதில் எவ்வளவு எதற்குரியது என்று பின்னர் பிரித்துக் காட்டத் திணறும். ஆகவே பொருள்வாரிக் கட்டணமே இன்று தகுந்த வழி. எனினும் ஒவ்வொரு பொருளுக்கும் முழுக் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வாடிக்கையாளர் பாதியில் விலகிவிடுவார் என்பதால், முதற்பொருளுக்கு முழுத் தொகையும் அடுத்தடுத்த பொருள்களுக்குக் கூடும் எடைக்குரிய தொகை மட்டும் என்று அமைப்பது நல்லது.

ஜிஎஸ்டி பதிவு பெறாதவர்கள் இணையத் தளங்களின் வழியே செய்யும் உள்ளூர் டெலிவரி, ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 9(5)இன் கீழ், அதாவது தள நடத்துநரே வரி கட்ட வேண்டிய இனத்தில், 18 சதவீதத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. சொந்தமாக அனுப்புவதா, தளத்திடம் விடுவதா என்பதைப் பொருளுக்குப் பொருள் கணக்கிட்டு முடிவு செய்ய இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்கு எதுவும் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலின் சிறு விற்பனையாளருக்குப் பயன்படப் போவதில்லை; அவருடைய சிக்கல் பதிவிலேயே தொடங்கிவிடுகிறது. வரிக்குரிய பொருளை மாநிலம் கடந்து விற்பவர், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, விற்றுமுதல் எவ்வளவு சிறியதாயினும் பதிவு பெற்றாக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 24. தளங்களில் விற்கும் சிறியோருக்கு 2023 அக்டோபர் 1 முதல் தரப்பட்ட பதிவு விலக்கும் மாநிலத்துக்குள் விற்போருக்கு மட்டுமே உரியது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு விற்பவருக்கு இது பொருட்டே அல்ல. காரைக்காலில் இருப்பவருக்கோ வாஞ்சூரைத் தாண்டியதும் வரும் நாகூர் வேற்று மாநிலம், கேரளக் கரையிலுள்ள மாஹேயும் கோதாவரிக் கரையிலுள்ள ஏனாமும் சொந்த மாநிலம். இது போதாதென்று, பொருள் விற்போருக்கான பதிவு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாயாக இருக்க, புதுச்சேரியில் 20 லட்சமாகவே நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற எல்லை 1954இல் நிர்வாகத்தளவில் கைமாறிய பின்னும், வரி அலுவலகத்தின் கண்ணில் மட்டும் அது நாட்டெல்லையின் கனத்தோடு தெரிகிறது.

இதே ஊரை அஞ்சல் துறை வேறு விதமாகப் பார்க்கிறது. காரைக்காலின் அஞ்சல் குறியீட்டு எண் மயிலாடுதுறையைப் போலவே 609 என்று தொடங்குகிறது. ஆகவே எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டு மண்டலம் பிரிக்கும் கடை மென்பொருள், அனுப்பும் தொலைவைச் சரியாகக் கணித்து, மாநிலத்தைத் தவறாகக் காட்டிவிடும். பதிவு பெறாத வாடிக்கையாளருக்கான விற்பனையில் விலைச்சீட்டிலுள்ள முகவரியின் மாநிலமே வழங்கல் இடமாகக் கொள்ளப்படுவதால், கட்டண மண்டலத்தை எண்ணைக் கொண்டும், வரியை மாநிலப் பெயரைக் கொண்டும் தனித்தனியே அமைப்பதே பாதுகாப்பானது.

பல மாநிலங்களில் கிடங்கு வைத்து, தளங்களின் வழி விற்கும் சிறியோருக்கு எளிய பதிவுமுறை தேவை என்பதை அதே 56ஆவது கூட்டம் கொள்கையளவில் ஏற்றது. சேவை வழங்குவோருக்கு, மாநிலம் கடந்து விற்றாலும், 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று 2017லேயே விலக்கு அளிக்கப்பட்டது. நாகூருக்கு ஒரு புட்டி ஊறுகாய் அனுப்புபவருக்கு அதே விலக்கை நீட்டிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் அறிவிக்கை போதும். அதைக் கேட்டுப் பெற வேண்டிய புதுச்சேரி அரசுக்கு மன்றத்தில் இருக்கையும் உண்டு, வாக்கும் உண்டு.